அறுபது மாத்திரையும் மூன்று முட்டையும்

திருப்பாப்புலியூரில் மருந்துக் கடை வைத்து 22 வருஷம் ஆகிறது. கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற அலமாரிக்கு இந்த 22 வருஷத்தில் மூன்று ராஜாக்கள். முதலில் குழந்தைகளுக்கான பால் பவுடர். அப்புறம் சர்க்கரைக்காரர்கள் பிஸ்கட். இப்போது புரத டப்பா. ஜிம்முக்குப் போகிற பையன்கள் வாங்கும் ரெண்டு கிலோ டின், ஆபரேஷன் ஆனவர்களுக்கு சாக்லேட் வாசனையில் ஒன்று, கர்ப்பிணிகளுக்கு இன்னொன்று. இவற்றின் ஓரத்தில் கொஞ்ச நாளாகப் பச்சை மாத்திரை ஒன்றும் இடம் பிடித்திருக்கிறது. சுருள்பாசி. ஸ்பைருலினா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

“சார், இதுல அறுபது பர்சென்ட் புரோட்டீனாமே? கறியிலகூட அவ்ளோ இல்லியாமே?”

வாரத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். ஆமாம் என்பேன். பொய் இல்லை, டப்பாவில் அப்படித்தான் போட்டிருக்கிறது. விற்றுவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பேன். அந்தக் கணக்கை நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தது போன மார்கழியில்தான், அதுவும் அம்மா விழுந்த பிறகு.

விடியற்காலை வாசல் தெளித்துவிட்டுத் திரும்பியவள், தெளித்த ஈரத்திலேயே வழுக்கிவிட்டாள். தொடை எலும்பு. புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, கம்பி வைத்து, பத்து நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கிளம்பும்போது உணவு ஆலோசகர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வயது 74, எடை 48 கிலோ, புரதம் தினம் 50 கிராமாவது. சாதாரண ஆளுக்கே கிலோவுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் சொல்லியிருக்கிறது. எலும்பு ஒட்ட வேண்டியவளுக்கு இன்னும் கொஞ்சம் கூடத்தானே வேண்டும். “முட்டை தினம் ரெண்டு குடுங்க, மீன் குடுங்க” என்றார் அந்தப் பெண். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா வடலூர் ஆள். பிறந்த ஊரைச் சொல்லவில்லை, வள்ளலாரைச் சொல்கிறேன். அப்பா இருந்தவரை அவருக்காக மீன் கழுவினாள், குழம்பு வைத்தாள். அவர் இறந்த வருஷம் அந்தச் சட்டியைத் தூக்கி வேலைக்காரம்மாவிடம் கொடுத்தவள்தான், முட்டைகூடத் தொடுவதில்லை. தைப்பூசத்துக்குத் தைப்பூசம் ஜோதி பார்க்கப் போவாள். 1867-இல் வள்ளலார் ஏற்றிவைத்த தருமசாலை அடுப்பு இன்னும் அணையாமல் எரிவதைப் பற்றி, நேற்றுதான் யாரோ பற்றவைத்த மாதிரி பேசுவாள்.

ஒரு நாள் முழுக்க அவள் தட்டைக் கவனித்து எழுதினேன். காலையில் மூன்று இட்லி, சாம்பார் தொட்டுக்கொள்ள. மதியம் ஒரு கரண்டி ரசம் சாதம், ஒரு கரண்டி தயிர் சாதம். ரெண்டு வேளை காபி. ராத்திரி மறுபடி இட்லி. இழுத்துப் பிடித்துக் கூட்டினாலும் 26 கிராமைத் தாண்டவில்லை. பாக்கி 24.

கடையில் இருக்கும் சாக்லேட் பவுடரைத் தான் முதலில் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துவிட்டு “சுண்ணாம்பைக் கரைச்சுக் குடுத்த மாதிரி இருக்கு” என்றாள். சோயா உருண்டையை என் மனைவி குருமாவில் போட்டாள். “தோலை மெல்லறாப்ல இருக்கே” என்று ஓரமாக ஒதுக்கி வைத்தாள். சரி, பச்சை மாத்திரை இருக்கிறதே, பாசிதானே, உயிர்க்கொலை இல்லையே என்று ஒரு டப்பாவை எடுத்துப் பையில் போட்டேன். ஷட்டரை இறக்கும் முன்னால்தான் டப்பாவைத் திருப்பி, கண்ணாடி போட்டுப் படித்தேன்.

ஒரு மாத்திரை 500 மில்லிகிராம். டப்பாவில் 60. மொத்தம் 30 கிராம். அதில் 60 சதவீதம் என்றால் 18 கிராம் புரதம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் இருக்கிறது. அதாவது ஒரு டப்பா முழுக்க அடங்கியிருப்பது மூன்று முட்டை. அம்மாவுக்குக் குறையும் 24 கிராமை இதை வைத்து நிரப்ப வேண்டுமென்றால் தினம் 80 மாத்திரை விழுங்க வேண்டும்! மூன்று முட்டை எதிர்த்த மளிகைக் கடையில் 20 ரூபாய்க்குக் கிடைக்கும். டப்பா என்ன விலை என்று இங்கே எழுதினால் என் வியாபாரத்துக்கு நானே உலை வைத்த மாதிரி ஆகிவிடும்.

ஏமாற்று வேலை எங்கே என்றால், பொய்யில் இல்லை, ஒப்பிடுகிற விதத்தில் இருக்கிறது. பாசியைக் காயவைத்துப் பொடியாக்கிச் சதவீதம் சொல்கிறார்கள். கறியை ஈரத்தோடு வைத்துச் சதவீதம் சொல்கிறார்கள். கறியில் பாதிக்கு மேல் தண்ணீர். கருவாட்டையும் பாசிப் பொடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எங்கள் ஊர் கருவாடு அப்படியொன்றும் தோற்றுப்போகாது.

பாசியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அதன்மேல் எனக்குக் கோபமே கிடையாது, மரியாதை உண்டு. மனைவியின் ஊர் அரியாங்குப்பம் என்பதால் மாதம் ஒரு முறையாவது புதுச்சேரிப் பக்கம் போவோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரோவில்லில் சுருள்பாசிப் பண்ணை ஒன்றைப் பார்த்தேன். நீளநீளமான தொட்டிகள், ஆழம் ஒரு சாண்தான். துடுப்பு ஒன்று மெல்லச் சுற்றித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் என்று சொல்லக்கூடாது, கீரைக் கடைசல் என்று சொல்ல வேண்டும், அந்த நிறம். சமையல் சோடா கரைத்த காரத் தண்ணீர் அது. அந்தக் காரத்தில் மற்ற கிருமிகள் லேசில் தலைதூக்காது, பாசி மட்டும் குஷியாகப் பெருகும். துணியில் வடிகட்டி, பிழிந்து, வரும் பச்சை மாவை முறுக்குப் பிழிகிற மாதிரி அச்சில் போட்டுத் தட்டில் பிழிந்து காயவைக்கிறார்கள். காய்ந்த நூலை ஒன்று வாயில் போட்டுப் பார்த்தேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் புயலுக்கு அடுத்த நாள் காலையில் வருமே ஒரு வாசனை, அது நாக்கில் வந்தது.

ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரையில் கானெம்பு இனப் பெண்கள் இதே பாசியை ஏரியிலிருந்து அள்ளி, மணலில் ஊற்றி உலர்த்தி, தகடு தகடாக வெட்டி எடுக்கிறார்கள். திஹே என்று பெயர். மெக்ஸிகோவில் ஆஸ்டெக் மக்களும் டெஸ்கோகோ ஏரியில் அள்ளித் தின்றிருக்கிறார்கள். ஸ்பெயின்காரன் வந்து இறங்கிய காலத்திலேயே அதைச் சந்தையில் விற்றிருக்கிறார்கள். ஆக, இதை ‘நாளைய உணவு’ என்று சொல்பவர்களைப் பார்த்து அந்தப் பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் அவர்கள் சாப்பிடும் அளவைப் பாருங்கள். தானியக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பில் கலந்து, ஒரு வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம். அதில் ஒரு முட்டைக்கு மேலேயே புரதம் கிடைத்துவிடும். நாம் ரெண்டு மாத்திரை, ஒரு கிராம் விழுங்கிவிட்டு அவர்களோடு நம்மைச் சேர்த்துக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் கடைக்காரனாகச் சொல்லிவிடுகிறேன். சைவக்காரர்கள் பலர் பி12-க்காக இந்த மாத்திரையை வாங்குகிறார்கள். இதில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12. பார்க்க அது மாதிரியே இருக்கும், நம் உடம்பில் வேலை செய்யாது. ரத்தத்தில் பி12 குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்டு நிஜ மாத்திரையைச் சாப்பிடுங்கள், அது இதைவிட விலை குறைவு. இரும்புச்சத்தும், உடம்பில் வைட்டமின் ஏ-வாக மாறும் நிறமிச் சத்தும் பாசியில் உண்டு. அதற்காக வாங்கினால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

மாத்திரைக் கணக்கைக் கேட்டுவிட்டு மச்சான்தான் காளான் யோசனை சொன்னான். மனைவியின் தம்பி, பாகூரில் நெல் வைக்கிறவன். குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்தில் காளான் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவன். எந்த விஷயத்துக்கும் அவனிடம் வைக்கோலில் ஒரு தீர்வு இருக்கும். “மாமா, பின்னாடி பழைய பாத்ரூம் சும்மாதானே கெடக்குது? நாலு பை கட்டித் தொங்க விடறேன், அத்தை கண்ணு முன்னாடியே வளரட்டும்” என்றான். அம்மாவுக்காக அறையோடு சேர்த்துப் புதுக் கழிப்பறை கட்டியிருந்ததால் பின்பக்கத்துப் பழையது காலியாகத்தான் இருந்தது.

சிப்பிக் காளான். வைக்கோலை ரெண்டு அங்குலத் துண்டாக வெட்டி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, டிரம்மில் போட்டு முக்கால் மணி நேரம் வேகவைத்து, வடிய விட்டு, இரண்டடி உயரப் பிளாஸ்டிக் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரமாக ஒரு கை வித்து, மறுபடி வைக்கோல் என்று அடைக்க வேண்டும். வித்து என்பது வேறொன்றும் இல்லை, வேகவைத்த சோளத்தின்மேல் வளர்த்த பூஞ்சை. சோளமே தெரியாமல் வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டிருக்கும்.

முதல் நாலில் ரெண்டு பை கெட்டது. அடியில் பச்சைப் பச்சையாகப் புள்ளி வந்து, ரெண்டு நாளில் பை முழுக்கப் பரவிவிட்டது. பச்சைப் பூசணம். மச்சான் வந்து பார்த்துவிட்டு என்னைத் தான் முறைத்தான். வடிய விட்டது நான். கடைக்குப் போகும் அவசரத்தில் சீக்கிரம் அள்ளிப் போட்டுவிட்டேன். வைக்கோலைக் கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் சொட்டக்கூடாது, ஆனால் உள்ளங்கையில் ஈரம் தெரிய வேண்டும். அந்தப் பக்குவத்துக்கும் சொட்டுகிற பக்குவத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம் நிழலில் உலரவிடுவதுதான் வித்தியாசம். ஈரம் கூடினால் நம் பூஞ்சையை முந்திக்கொண்டு பச்சைக்காரன் வந்துவிடுவான்.

தப்பித்த ரெண்டு பையும் 18 நாளில் பால் மாதிரி வெளுத்தன. அப்புறம் ஓட்டைகளில் குண்டூசித் தலை மாதிரி மொட்டு. மூன்றே நாளில் அது உள்ளங்கை அகலச் சிப்பி. ஒரு பையில் மூன்று அறுவடையும் சேர்த்து முக்கால் கிலோ தேறியது. நான் கணக்குப் போடாமல் இருப்பேனா? பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், 100 கிராமில் புரதம் 3 கிராம். முக்கால் கிலோவுக்கு 22 கிராம். நாற்பது நாள் காத்திருந்து கிடைத்தது நூறு கிராம் துவரம்பருப்பில் இருப்பது. அந்த 3 கிராமிலும் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று சொல்வது வழக்கம். காளானின் செல் சுவரில் கைட்டின் இருக்கிறது, அதிலும் நைட்ரஜன் உண்டு, அது புரதம் இல்லை. அதனால் காளானுக்கு 4.38-ஆல் பெருக்க வேண்டும் என்பது விஷயம் தெரிந்தவர்கள் கணக்கு. பழைய கணக்கோடு ஊரெல்லாம் ‘காளானில் புரதம் கொட்டிக்கிடக்கிறது’ என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

மச்சானிடம் சொன்னேன். அவன் அசரவில்லை. “மாமா, பருப்பு வெளையறதுக்கு நெலம் வேணும். இது வைக்கோல்ல வருது. வைக்கோலை நீங்க தின்னுவீங்களா?” அது நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

அறுவடை முடிந்த பையைக் கிழித்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பொறி தட்டியது. உள்ளே வைக்கோல் உதிரும் என்று நினைத்தேன். உதிரவில்லை. வெள்ளை இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, வைக்கோலை ஒரே கட்டியாக, மெத்தை மாதிரி தைத்து வைத்திருந்தன. கையால் பிய்க்க வேண்டியிருந்தது. பிய்த்தால் நாராகப் பிரிந்து வந்தது. கோழி நெஞ்சுக் கறியை வேகவைத்து உதிர்த்தால் எப்படி நார் நாராக வருமோ, அப்படி. நாம் பறித்துத் தின்னும் காளான் இதன் பூ மாதிரி. உடம்பு இந்த இழைதான்.

அந்த உடம்பையே உணவாக்கினால் என்ன என்று இங்கிலாந்தில் ஏற்கெனவே யோசித்துவிட்டார்கள். 1960-களில் உலகம் பூராவும் ஒரே பயம், புரதப் பஞ்சம் வரப்போகிறது என்று. ரொட்டி மாவு வியாபாரத்தில் பெரிய கையான ரேங்க் என்பவர், மிச்சமாகும் மாவுச்சத்தைப் புரதமாக மாற்றுகிற கிருமியைத் தேடச் சொல்லி ஆள் போட்டார். ஊர் ஊராக மண் எடுத்துச் சோதித்து, கடைசியில் அகப்பட்டது தங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கிட்டத்திலேயே, மார்லோ என்ற ஊர் மண்ணில். ஃபியுசேரியம் வெனனேட்டம். லத்தீனில் வெனனேட்டம் என்றால் நஞ்சுடையது என்று பொருள்! நல்லவேளையாக அந்தப் பெயர் பின்னால்தான் வந்தது. வருஷக்கணக்காகச் சோதித்த பிறகு, 1985-இல் விற்க அனுமதி கிடைத்தது. குவார்ன் என்ற பெயரில் இன்றும் விற்கிறார்கள்.

இரண்டு பனை உயரத்துக்கு நிற்கும் தொட்டி. உள்ளே சர்க்கரைக் கரைசல், அம்மோனியா, அடியிலிருந்து காற்று. பூஞ்சை சில மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் ஊட்ட, ஒரு பக்கம் எடுக்க, வாரக்கணக்கில் நிற்காமல் ஓடும். வடிகட்டி எடுத்தால் இளமஞ்சளாக, தொட்டால் பரோட்டா மாவு மாதிரி ஒன்று. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பிசைந்து, ஆவியில் வேகவைத்து, உறைய வைத்தால் இழைகள் ஒரே திசையில் நெருங்கி நார் கட்டுகிறது. உருளைக்கிழங்குப் புரதம் சேர்த்து முட்டையில்லாமலும் செய்கிறார்கள். ஈரத்தோடேயே 100 கிராமில் 11 கிராம் புரதம், அதுபோக 6 கிராம் நார்ச்சத்து. இது தட்டுக் கணக்கு. டப்பா ஜாலம் இல்லை. அதனால்தான் இந்தச் சாமான்மேல் எனக்கு நம்பிக்கை. சிலருக்கு ஒவ்வாமை வருகிறது என்பதும் உண்மை. அது வேர்க்கடலையிலும் உண்டு, இறாலிலும் உண்டு.

ஆனால் அதில் ஒரு வேலை இருக்கிறது. அது என் கால் பெருவிரல் சம்பந்தப்பட்டது.

எனக்கு ரத்தத்தில் யூரிக் அமிலம் 8.6. அது கூடினால் கால் பெருவிரல் மூட்டு வீங்கி வலிக்கும். நான் விற்கிற அலோபுரினாலை நானே விழுங்கிக்கொண்டிருக்கிறேன். நெத்திலி, மத்தி இரண்டையும் டாக்டர் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டார். கடலூரில் பிறந்தவனுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும். செல்லுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. உடைந்து பியூரின், பியூரின் கடைசியில் யூரிக் அமிலம். மற்ற பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றிடம் அதை மேலும் உடைக்க ஒரு நொதி உண்டு. நாமும் வாலில்லாக் குரங்குகளும் அந்த நொதியை எந்தக் காலத்திலோ தொலைத்துவிட்டோம். கிருமி என்பது சதா வளர்ந்துகொண்டே இருக்கிற சாமான். வேகமாக வளர வேண்டுமென்றால் செல்லில் ஆர்.என்.ஏ. நிறைய வேண்டும். ஈஸ்டிலும் பூஞ்சையிலும் உலர்ந்த எடையில் பத்து சதவீதம் வரை போகும், பாக்டீரியாவில் அதற்கும் மேலே. கிருமி உணவிலிருந்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் ஆர்.என்.ஏ. தினம் 2 கிராமுக்குள் இருக்கட்டும் என்று ஐ.நா.வின் புரத ஆலோசனைக் குழு சொல்லிவைத்திருந்தது.

குவார்ன்காரர்கள் இதற்குச் செய்தது எனக்கு மிகவும் பிடித்த கைவேலை. தொட்டியிலிருந்து வந்த பூஞ்சையை 68 டிகிரி வரை சூடாக்கி அரை மணி போல வைக்கிறார்கள். வெளியிலிருந்து எதையும் சேர்ப்பதில்லை. அந்தச் சூட்டில் பூஞ்சையின் சொந்த நொதியே அதன் ஆர்.என்.ஏ.-வை வெட்டிக் கரைத்துவிடுகிறது. கரைந்தது தண்ணீரோடு போய்விடும், 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். கூடவே சரக்கிலும் கணிசமான எடை கரைந்து போகிறது. வியாபாரி வயிற்றெரிச்சலோடுதான் அந்தத் தண்ணீரை வடித்திருப்பான்.

சோளமாவுச் சர்க்கரையோ கோதுமைச் சர்க்கரையோ எதற்கு, எங்கள் பக்கம் மொலாசஸ் இருக்கிறதே என்று தோன்றும். அப்பா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர். அவர் சட்டையை மோந்தால் கருப்பட்டி கருகின மாதிரி இருக்கும். சர்க்கரையை எடுத்தபிறகு மிஞ்சும் அந்தக் கறுப்புப் பாகு சாராயத்துக்குத் தான் போகும். முதல் உலகப் போரில் முற்றுகையில் மாட்டிய ஜெர்மனி, இதே மாதிரிப் பாகில் ஈஸ்ட் வளர்த்து சாப்பாட்டிலும் தீவனத்திலும் கலந்தது. இரண்டாம் போரிலும் டோருலா ஈஸ்டை வைத்து அதையே செய்தது. போர் முடிந்ததும் கறி திரும்பி வந்தது, ஈஸ்ட் போய்விட்டது. அப்புறம் பெட்ரோலிய மெழுகில்கூட ஈஸ்ட் வளர்த்தார்கள், பிரான்சில் லவேரா என்ற இடத்தில். 1973-இல் எண்ணெய் விலை எகிறியது, கதை முடிந்தது. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்ற ரசாயன கம்பெனி மெத்தனாலில் பாக்டீரியா வளர்த்து புருட்டீன் என்று கால்நடைத் தீவனமாக விற்றது, சோயா விலை இறங்கியதும் அதுவும் படுத்துவிட்டது. இப்போது பின்லாந்தில் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் கொடுத்து பாக்டீரியா வளர்க்கிறார்கள், சோலைன் என்று பெயர், 2022-இல் சிங்கப்பூர் அனுமதித்தது. கிருமி எதிலும் வளரும். அதில் எப்போதுமே சிக்கல் இருந்ததில்லை. சோயாவைவிட மலிவாக வர வேண்டும், தட்டில் வைத்தால் கை நீள வேண்டும், அங்கேதான் ஒவ்வொருவராகக் கவிழ்ந்திருக்கிறார்கள்.

கை நீளாத கதை எங்கள் வீட்டிலேயே நடந்தது. முதல் அறுவடையை மனைவி மிளகு போட்டுப் பிரட்டி அம்மாவுக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

“வாணாம்மா. கறி மாதிரி இருக்குது.”

“கறி இல்ல அத்தை, காளான்.”

“தெரியும். சின்னப் புள்ளைல தின்னுருக்கேன். ஐப்பசில இடி இடிச்சா மறுநாள் புத்துல பூக்கும். எங்க ஆயா மடில கட்டியாந்து சட்டில வதக்கும். அதுவும் கறி மாதிரிதான் இருக்கும்.”

புற்றுக் காளானைக் கரையான் தான் வளர்க்கிறது, புற்றுக்குள்ளே தோட்டம் போட்டு, தின்றதைக் கொண்டுவந்து எருவாக்கி வளர்க்கிறது, அதை மனிதன் இன்னும் பண்ணையில் வளர்க்கப் பழகவில்லை என்று நான் ஆரம்பித்தேன். அம்மா காதில் வாங்கவில்லை.

“இது செடியா, உயிரா?”

நேர்மையாகச் சொன்னால் இரண்டும் இல்லை. அறிவியலில் பூஞ்சைக்குத் தனி ராஜ்யம். சொல்லப்போனால் செடியைவிட விலங்குக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். இதை அம்மாவிடம் சொல்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. அதற்குப் பதில் தயிரைக் காட்டினேன். ஒரு கரண்டியில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கு, அதை நீ சாப்பிடறியே என்றேன். “தயிரு பாலுடா” என்று முடித்துவிட்டாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. இட்லி மாவும் கிருமி உணவுதான், நாம் ஆயிரம் வருஷமாகச் சாப்பிடுகிறோம் என்று சிலர் எழுதுகிறார்கள். மாவைப் பொங்கவைப்பது பாக்டீரியா என்பது வரை சரி. ஆனால் இட்லியில் உள்ள புரதம் உளுந்தினுடையதும் அரிசியினுடையதும். அங்கே கிருமி சமையல்காரன். குவார்னில் சமையல்காரனையே இலையில் வைக்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை, அம்மாவுக்கு அது படிக்காமலே தெரிந்திருக்கிறது.

அந்த 24 கிராமை எப்படி நிரப்பினோம் என்று கேட்டால் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. சாம்பாரில் பருப்பு ரெட்டிப்பு. சாயங்காலம் பச்சைப் பயறோ கொண்டைக்கடலையோ ஒரு கிண்ணம் சுண்டல். தயிர் ரெண்டு கிண்ணம். பண்ருட்டி பக்கத்து வேர்க்கடலை, அவித்து, ஒரு கை. பல் தாங்கும் வரை அவித்தால் போதும். எலும்பு ஒட்டிவிட்டது, வாக்கரை வைத்து நடக்கிறாள்.

பைகள் மட்டும் நிற்கவில்லை. வெயில் ஏறினால் சிப்பி தாங்காது என்று மச்சான் சித்திரையில் பால் காளானுக்கு மாற்றினான். கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ரகம், 35 டிகிரியிலும் வரும், மேலே மண் போர்த்த வேண்டும். கத்திரி வெயிலில் எங்கள் பாத்ரூமில் கோழிக்கால் மாதிரி தடித்தடியாக வந்தது. அக்கம்பக்கத்துக்கு அரை அரை கிலோ கொடுத்தோம். நானும் யூரிக் அமிலத்தைப் பார்த்து அளவாகச் சாப்பிடுகிறேன், காளானிலும் பியூரின் உண்டு.

தண்ணீர் தெளிப்பது அம்மா. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வாக்கரைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். துணிக்கு இஸ்திரி போடுபவரிடம் இருப்பது மாதிரி ஒரு தெளிப்பான் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். எந்தப் பையில் எப்போது மொட்டு விட்டது என்று நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிவைக்கிறாள். ஈ வந்தால் மச்சானுக்கு ஃபோன் போட்டுத் திட்டுகிறாள். பறிப்பதும் அவள்தான். ஒன்றும் ஒடியாமல் திருகி எடுக்கும் பக்குவம் எனக்கு வரவில்லை, அவளுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. போன வாரம் கேட்டேன், இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்க்கிறாயே, ஒரு துண்டு வாயில் போட்டால் என்ன என்று.

“அதனாலதான்டா” என்றாள்.

இன்றைக்குக் காலையில் கடையில் கூட்டம். ஒருவர் பச்சை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பர்சென்ட் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவிடமிருந்து ஃபோன். எடுத்தால், மூணாவது பையில் மேல்பக்கம் வெடித்து ஏழு மொட்டு வந்திருக்கிறதாம், பாகூருக்குச் சொல்லி இன்னும் ரெண்டு பைக்கு வைக்கோல் அனுப்பச் சொல்ல வேண்டுமாம்.